காசு திரும்பி வந்தாச்சு, பொருள் யாருது?

ஒரு சின்ன கேள்வி மக்களே. ஆன்லைன்ல ஒரு பொருள் வாங்கறீங்க. வந்து இறங்கினது பழுது. ரிட்டர்ன் போடறீங்க. கடைக்காரர் காசை உடனே திருப்பிக் கொடுத்துடறார். ஆனா பொருளை எடுத்துட்டுப் போக மட்டும் ஆள் வரலை. ஒரு வாரம் ஆச்சு, ஒரு மாசம் ஆச்சு, ரெண்டு மாசமும் ஆச்சு. இப்ப அந்தப் பொருள் யாருது?

நான் கேட்டுப் பார்த்தவரைக்கும் பதில் ரெண்டே ரகம். "காசையும் கொடுத்துட்டான், பொருளையும் விட்டுட்டான், உனக்கு லாட்டரிடா" என்பது முதல் ரகம். "அது அவங்க பொருள், அவங்க எப்ப வர்றாங்களோ அதுவரைக்கும் பத்திரமா வெச்சிருந்து கொடுக்கறதுதான் முறை" என்பது ரெண்டாவது ரகம். முதல் ரகம் என் ஆபீஸ் நண்பர்கள், ரெண்டாவது அப்பாவும் அம்மாவும். சட்டத்தைப் புரட்டிப் பார்த்தா முதல் ரகம் தப்பு, ரெண்டாவது ரகம் பாதி சரி. அந்த மீதிப் பாதியைத் தேடி ரெண்டரை மாசம் அலைஞ்ச கதைதான் இது.

மேட்டருக்கு வருவோம்.

2025 ஜனவரில ஒரு வாஷிங் மெஷின் வாங்கினோம். ஃப்ரண்ட் லோடு, 31,490 ரூபாய். எந்தக் கடை, எந்த பிராண்டுன்னு சொல்லப் போறதில்ல. இன்ஸ்டலேஷனுக்கு வந்த டெக்னீஷியன் மெஷினுக்குப் பின்னாடி இருந்த நாலு டிரான்ஸிட் போல்ட்டையும் கழட்டினார். லாரில வரும்போது டிரம் ஆடாம இறுக்கிப் பிடிச்சு வெக்கிற நீளமான போல்ட்டுங்க அது. தண்ணி கனெக்‌ஷன் கொடுத்து, துணி போடாம சும்மா ஒரு சுத்து ஓட விட்டார். ஸ்பின் ஆரம்பிச்சதும் மெட்ரோ ரயிலுக்கு எங்க ஹாலுக்குள்ளயே குழி தோண்டற மாதிரி ஒரு சத்தம். உடனே ஸ்விட்சை அணைச்சுட்டு, "சார், டிரம் பேரிங் போயிருக்கு. புது மெஷினை ரிப்பேர் பண்ணித் தர்றோம்னு சொன்னா ஒத்துக்காதீங்க, ரிட்டர்ன் போட்டுடுங்க"ன்னு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துட்டுப் போனார். நல்ல மனுஷன்.

ரிட்டர்ன் போட்டேன். ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு மூணாவது நாளே, ஜனவரி 20-ஆம் தேதி, முழுப் பணமும் அக்கவுண்ட்டுக்கு வந்துடுச்சு. இவ்ளோ நல்லவங்களான்னு நானும் தங்கமணியும் புல்லரிச்சுப் போனோம்.

பிக்கப்புக்கு முதல்ல வந்தது ஒரு சின்னப் பையன். டூ வீலர்ல, தோள்ல ஒரு பெரிய பையோட. 68 கிலோ மெஷினைப் பார்த்தான், பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணா, எனக்கு ஒரு பார்சல்னுதான் போட்டிருந்துச்சு"ன்னான். தண்ணி குடுத்து அனுப்பி வெச்சோம். ரெண்டாவது தடவை யாருமே வரலை. "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை"ன்னு மெசேஜ் மட்டும் வந்தது. அன்னிக்கு நான் லீவு போட்டுட்டு வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். மூணாவது தடவை இன்னும் விசேஷம். ஆளே வராம ஆப்ல ஸ்டேட்டஸ் பச்சைக் கலருக்கு மாறிடுச்சு: ரிட்டர்ன் முடிந்தது.

அதுக்கப்புறம் எத்தனை தடவை போன் போட்டாலும் ஒரே பாட்டுதான்.

"சார், பொருள் எங்ககிட்ட வந்துடுச்சுன்னு சிஸ்டத்துல காட்டுது."

"மேடம், அது என் ஹால்ல இருக்கு. அது மேல கைய வெச்சுக்கிட்டுதான் உங்ககிட்ட பேசிட்டு இருக்கேன்."

"சிஸ்டத்துல முடிஞ்சிடுச்சுன்னு இருக்கு சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

பொட்டி தட்டறவன் நான், அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் வரலை. டேட்டாபேஸ்ல ஒரு கட்டத்துல 'முடிந்தது'ன்னு எழுதிட்டா உலகத்துலயும் முடிஞ்சிடுச்சுன்னு நம்பற தொழில் எங்களோடது. ஆனா 68 கிலோ இரும்புக்கு அது தெரியாதே. ஹால்ல அப்படியே நின்னுட்டு இருந்தது.

மெஷின் நிக்கிற இடம் மட்டும் பிரச்னைன்னா பொறுத்துட்டுப் போயிருப்போம். மார்ச் 31-ஆம் தேதி வீட்டைக் காலி பண்ணணும். ஹவுஸ் ஓனர் ஒரு நாள் மாடிப்படில நிறுத்திக் கேட்டார்: "தம்பி, போகும்போது அந்த மெஷினை இங்கயே விட்டுட்டுப் போயிடாதீங்க. அப்புறம் அதை எடுத்துப் போடற செலவை அட்வான்ஸ்லதான் பிடிப்பேன்." அவர் சொன்னதுலயும் தப்பு இல்ல. அதே வாரம் தெருமுனைல பழைய ஃப்ரிட்ஜ், மெஷின் எல்லாம் வாங்கி விக்கிற கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துட்டு, "பேரிங்தானே சார், 9,000 கையில தர்றேன், நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வந்து எடுத்துக்கறேன்"ன்னார். ஒரு பக்கம் 9,000 ரூபாய், ஹாலும் காலியாயிடும். இன்னொரு பக்கம் என்னோடது இல்லாத ஒரு பொருளை என் செலவுல புது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும். தங்கமணி ரெண்டு பக்கமும் பேசலை. "யாராவது தெரிஞ்சவங்களைக் கேளுங்க"ன்னு மட்டும் சொன்னா.

மதுரைல வக்கீலா இருக்கற என் தாய்மாமாவுக்குப் போன் போட்டேன். முழுக் கதையையும் கேட்டுட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த மெஷின்ல ஒரு துணியாவது துவைச்சீங்களா மாப்ள?"

"இல்ல மாமா."

"அப்பச் சரி. பேப்பர் பேனா எடுத்துக்க."

அவர் அன்னிக்கு சொன்னதையும், அப்புறம் நான் உட்கார்ந்து படிச்சதையும் சேர்த்து வரிசையா எழுதறேன்.

முதல் விஷயம், பொருள் யாருக்குச் சொந்தம். இங்க ஆட்சி பண்றது 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம். அதுல பொருள் கைக்கு வர்றது வேற, அதை ஏத்துக்கறது வேற. பிரிவு 42 படி மூணு வழில நாம பொருளை ஏத்துக்கிட்டதா ஆகும். ஏத்துக்கிட்டேன்னு விக்கிறவர்கிட்ட சொல்றது ஒண்ணு. பொருள் வந்த பிறகு விக்கிறவரோட உரிமைக்குப் பொருந்தாத ஏதாவது காரியத்தை அதை வெச்சுப் பண்றது ரெண்டு. வேண்டாம்னு சொல்லாமலேயே நியாயமான காலத்துக்கு மேல வெச்சிருக்கறது மூணு. நான் மூணுமே பண்ணலை. பேரிங் போன மெஷினை வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இருந்தது, சொன்னேன். அவங்களும் ஒத்துக்கிட்டு காசைத் திருப்பிக் கொடுத்தாங்க. ரெண்டு பக்கமும் சேர்ந்து விற்பனையை ரத்து பண்ணியாச்சு. காசு என்கிட்ட, அப்ப பொருள் அவங்களோடது. என் ஹால்ல நிக்கிறதால அது என்னோடதாகாது. மாமா துணி துவைச்சியான்னு கேட்டதுக்குக் காரணமும் இதான்.

ரெண்டாவது விஷயம், திருப்பி அனுப்பற வேலை யாரோடது. இதைக் கேட்டதும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பிரிவு 43 சொல்றது இது: வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா, உரிமையோட பொருளை மறுத்தவர் அதைத் திருப்பி அனுப்பணும்னு கட்டாயம் இல்லை. மறுத்துட்டேன்னு விக்கிறவருக்குத் தெரிவிச்சாப் போதும். அதாவது வந்து எடுத்துட்டுப் போறது அவர் பாடு. 'வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா' என்பது முக்கியம். கடையோட ரிட்டர்ன் விதில நீங்களே கூரியர்ல அனுப்பணும்னு இருந்து, அதுக்கு நீங்க ஒத்துக்கிட்டு வாங்கியிருந்தா கதை மாறலாம். என் விஷயத்துல 'நாங்களே வந்து எடுத்துக்கறோம்'னுதான் அவங்க விதியே சொல்லுது.

மூணாவது விஷயம்தான் பலருக்குத் தெரியாதது. பொருள் என்னோடது இல்லை, ஆனா என் கையில இருக்கு. அப்ப நான் யார்? 1872 ஒப்பந்தச் சட்டத்துல இதுக்கு ஒரு பேர் உண்டு, பெய்லி. ஜாமீன்ல வெளிய வர்ற பெயில் இல்லைங்க. அடுத்தவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கற கடமையோட கையில வெச்சிருக்கறவர்னு அர்த்தம். சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், லாண்டரிக்காரர், நகையைக் கொடுத்துட்டு ஊருக்குப் போன பக்கத்து வீட்டம்மாவுக்காக அதைப் பீரோல வெச்சிருக்கற உங்க அம்மா, எல்லாரும் பெய்லிதான். விற்பனைச் சட்டத்தோட பிரிவு 26-லயே, வாங்கினவரும் விக்கிறவரும் ஒருத்தர் பொருளை இன்னொருத்தர் வெச்சிருக்கும்போது பெய்லிங்கற முறைல உள்ள கடமைகள் அப்படியே தொடரும்னு ஒரு வரி இருக்கு.

பெய்லிக்கு என்ன கடமை? பிரிவு 151 படி, சாதாரண புத்தி உள்ள ஒருத்தர் அதே மாதிரியான தன்னோட சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துப்பாரோ அப்படிப் பார்த்துக்கணும். அவ்வளவுதான். தனியா இன்சூரன்ஸ் எடுக்க வேண்டாம், காவல் காக்க வேண்டாம். அந்த அளவு கவனம் எடுத்தும் பொருளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, பிரிவு 152 படி நான் பொறுப்பில்லை. ஆனா அனுமதி இல்லாம உபயோகிச்சு அதனால ஏதாவது சேதம்னா, பிரிவு 154 படி ஈடு கட்டணும். "சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது, போர்வையை மட்டும் போட்டுப் பாக்கலாமா"ன்னு தங்கமணி கேட்டப்ப, இந்தப் பிரிவைச் சொல்லித்தான் தப்பிச்சேன். போர்வையை யார் கையால துவைச்சதுன்னு கேக்காதீங்க :-)

நாலாவது, அந்த 9,000 ரூபாய். "மாமா, ரெண்டு மாசம் ஆச்சு, வித்துட்டா என்ன"ன்னு கேட்டேன். "வித்தா மூணு பேர் மாட்டுவாங்க"ன்னார். முதல்ல நான். அடுத்தவர் பொருள்னு தெரிஞ்சே நேர்மையில்லாம அதை எனதாக்கிக்கறது குற்றம். 2024 ஜூலை 1-ஆம் தேதி வரைக்கும் அது இந்திய தண்டனைச் சட்டம் 403, அதுக்கப்புறம் பாரதிய நியாய சன்ஹிதா 314. ரெண்டாவது அந்தப் பழைய சாமான் கடைக்காரர். விற்பனைச் சட்டம் பிரிவு 27 படி, சொந்தக்காரர் இல்லாதவர்கிட்ட அவர் அனுமதியில்லாம வாங்கினா, வித்தவருக்கு இருந்த உரிமைக்கு மேல வாங்கினவருக்குக் கிடைக்காது. எனக்கே உரிமை இல்லை, அப்ப அவர் கொடுக்கற 9,000-க்கு அவருக்கு என்ன கிடைக்கும்? மூணாவது, அவர்கிட்டேர்ந்து பேரிங் மாத்தி வாங்கப் போற யாரோ ஒரு குடும்பம். அவங்க முகம்கூட எனக்குத் தெரியாது. அந்த மூணாவது ஆளை நினைச்சதும் எனக்கு விக்கிற ஆசை போயிடுச்சு.

அஞ்சாவது, எத்தனை நாள் கழிச்சா நம்மளோடதாகும்? இங்கதான் ஒரு கதை குறுக்க வந்தது. லண்டன்ல இருக்கற காலேஜ் நண்பன், "இங்கல்லாம் ஆறு மாசம் எடுக்கலைன்னா நமக்கே சொந்தம்டா"ன்னான். தேடிப் பார்த்தேன். அவன் சொன்ன ஆறு மாசக் கணக்கு அங்க 1971-ல வந்த ஒரு சட்டத்துல இருந்தது உண்மை. ஆனா அது கேக்காமலேயே வீட்டுக்கு அனுப்பிட்டு அப்புறம் காசு கேக்கற கில்லாடிகளுக்காக வந்தது. அந்த ஆறு மாசக் கணக்கையும் பின்னாடி எடுத்துட்டாங்க. அமெரிக்காலயும் ஆர்டர் பண்ணாம தபால்ல வர்ற சரக்கைப் பரிசா எடுத்துக்கலாம்னு 1970-லேர்ந்து ஒரு சட்டம் இருக்கு. நாம ஆர்டர் பண்ணி, வாங்கி, மறுத்த பொருளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஊர் பூரா சுத்தற "இத்தனை நாள் ஆனா நம்மளுது" கதைகளுக்கு மூலம் இந்தக் குழப்பமாத்தான் இருக்கணும்.

மறுத்த பொருளுக்கு அங்கெல்லாம் என்ன வழின்னும் பார்த்தேன். இங்கிலாந்துல 1977-ல வந்த ஒரு சட்டப்படி, எடுத்துட்டுப் போக வேண்டியவர் எடுக்கலைன்னா, முறையா நோட்டீஸ் கொடுத்துட்டுப் பொருளை வித்துடலாம். வித்த காசுல செலவைக் கழிச்சுட்டு மீதிக்குக் கணக்கு காட்டணும். அமெரிக்காவுல லூசியானா தவிர மத்த மாநிலங்கள்ல இருக்கற வணிகச் சட்டம் இன்னும் தெளிவு. மறுத்துட்டேன்னு சொன்ன பிறகு நியாயமான காலத்துக்குள்ள விக்கிறவர் எந்தத் தகவலும் சொல்லலைன்னா, வாங்கினவர் பொருளை அவர் கணக்குல எங்கயாவது வெச்சிருக்கலாம், அவருக்கே திருப்பி அனுப்பலாம், இல்ல அவர் கணக்குல வித்துடலாம். 'அவர் கணக்குல' என்பதைக் கவனிங்க. அங்கயும் பொருள் நம்மளோடதாகலை. ஆனா நமக்கு வெளிய வர ஒரு கதவு இருக்கு.

நம்ம ஒப்பந்தச் சட்டத்துல அப்படி ஒரு கதவு இல்லை. கண்டெடுத்த பொருளுக்கு பிரிவு 169 இருக்கு. சொந்தக்காரர் கிடைக்கலைன்னா, இல்ல செலவைத் தர மறுத்தா, பொருள் கெட்டுப் போற நிலைமைலயோ செலவு பொருளோட மதிப்புல மூணுல ரெண்டு பங்கு ஆனாலோ வித்துடலாம். ஆனா நான் கண்டெடுக்கலையே. சொந்தக்காரர் பேர், விலாசம், வரி எண் எல்லாம் பில்லுலயே இருக்கு. காலவரம்புச் சட்டமும் உதவாது. ஒப்படைச்ச பொருளைத் திருப்பிக் கேக்க 1963 சட்டத்துல 3 வருஷம் உண்டு. ஆனா அது அவங்க கேட்டு, நான் தரமாட்டேன்னு மறுத்த நாள்லேர்ந்துதான் ஆரம்பிக்கும். அவங்க கேக்கவே இல்லையே, கடிகாரம் எங்கேர்ந்து ஓடும்?

2020-ல வந்த மின்வணிக விதிகளையும் பார்த்தேன். பழுதான பொருளைத் திருப்பி எடுத்துக்க விக்கிறவர் மறுக்கக் கூடாதுன்னு இருக்கு. புகாருக்கு 48 மணி நேரத்துல ஒப்புகை, ஒரு மாசத்துல தீர்வுன்னு இருக்கு. எத்தனை நாளுக்குள்ள வந்து எடுத்துக்கணும்னு மட்டும் ஒரு வரி இல்லை. 'மறுக்கலை சார், வந்துட்டே இருக்கோம்'னு சொல்லிட்டே வருஷத்தை ஓட்டலாம்.

சரி, அப்ப என்னதான் பண்றது? நோட்டீஸ்.

ஆபீஸ்ல ஒரு நண்பன் வேற ஏதோ தகராறுக்கு எழுதி வெச்சிருந்த நோட்டீஸ் மாதிரி ஒண்ணு கொடுத்தான். கடைசி வரி: "15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் பொருள் எனக்குச் சொந்தமானதாகக் கருதப்படும்." அதை மாமாவுக்குப் படிச்சுக் காட்டினதும் போன்லயே சிரிச்சார். "மாப்ள, இதே மாதிரி ஒரு மாமனும் மருமகனும் கோர்ட்டுக்குப் போயிருக்காங்க தெரியுமா?"ன்னார்.

1862, இங்கிலாந்து. ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி வழக்கு. சட்டக் கல்லூரில முதல் வருஷமே இதைச் சொல்லிக் கொடுத்துடுவாங்களாம். ஒரு மாமா தன் மருமகனோட குதிரையை விலைக்குக் கேக்கறார். "இனி உன்கிட்டேர்ந்து தகவல் வரலைன்னா, 30 பவுண்டு 15 ஷில்லிங்குக்குக் குதிரை என்னோடதுன்னு எடுத்துக்கறேன்"ங்கற மாதிரி ஒரு கடிதம் போடறார். மருமகன் பதிலே போடலை. ஆனா அவருக்குக் கொடுக்கற எண்ணம் இருந்தது, ஏலக்காரர் பிண்ட்லிகிட்ட அந்தக் குதிரையை விக்க வேண்டாம்னும் சொல்லியிருந்தார். ஏலக்காரர் மறந்து போய் வித்துட்டார். மாமா ஏலக்காரர் மேல வழக்கு போட்டு தோத்தார். ஏன்னா, அடுத்தவர் பேசாம இருக்கறதை சம்மதம்னு நீங்களா எழுதி அவர் தலைல கட்ட முடியாது.

"மருமகன் மனசுல சம்மதம் இருந்துமே குதிரை மாமனுக்குப் போகலை. உன் கடைக்காரன் மனசுல என்ன இருக்குன்னே உனக்குத் தெரியாது. அந்த வரியை அடிச்சுடு"ன்னார் மாமா.

அப்புறம் நாங்க எழுதின நோட்டீஸ்ல இருந்தது இவ்வளவுதான். ஆர்டர் எண், மெஷினோட சீரியல் எண், பணம் திரும்பி வந்த தேதி. பொருள் உங்களோடது, உபயோகிக்கலை, பத்திரமா இருக்கு, எந்த நாளும் காலை 8-லேர்ந்து ராத்திரி 8 வரைக்கும் வந்து எடுத்துக்கலாம். இதுவரைக்கும் பிக்கப் நடக்காத மூணு தேதி. 15 நாளுக்குள்ள எடுக்கலைன்னா, மார்ச் 31-ஆம் தேதி வீடு மாறும்போது நானே கொண்டு போவேன், அந்தச் செலவு உங்க கணக்கு. கூடவே நாலு பக்கமும் எடுத்த போட்டோ, சீரியல் எண் ஸ்டிக்கர், டெக்னீஷியன் ரிப்போர்ட்.

செலவுக்கு மாமா சொன்ன ஆதாரம் ஒப்பந்தச் சட்டம் 158. கூலி வாங்காம ஒருத்தருக்காகப் பொருளை வெச்சிருந்தாலோ சுமந்தாலோ, அதுக்கு அவசியமான செலவைச் சொந்தக்காரர் திருப்பித் தரணும். "கண்டிப்பா ஜெயிக்கும்னு சொல்லலை, ஆனா தெம்பா கேக்கலாம்"ன்னார்.

யாருக்கு அனுப்பினோம்ங்கறதுதான் இதுல முக்கியமான பாடம். ரெண்டு மாசமா நான் பேசிட்டு இருந்தது ஆப்காரங்ககிட்ட. பில்லை எடுத்துப் பார்த்தா 'விற்பவர்'னு வேற ஒரு கம்பெனி. மெஷினுக்குச் சொந்தக்காரர் அவர்தான். ஆப் நடுவுல நிக்கிற சந்தை மட்டும். அதனால ரெண்டு பேருக்கும் மெயில், ரெண்டு பேருக்கும் ஸ்பீட் போஸ்ட். ஆப்காரங்களோட குறைதீர்ப்பு அதிகாரிக்குத் தனியா ஒரு மெயில். தேதி மார்ச் 10.

பதினோராவது நாள் விக்கிற கம்பெனிலேர்ந்து பதில் வந்தது. ரெண்டு மாசத்துல முதல் தடவையா ஒரு மனுஷன் எழுதின பதில். ஆப்ல 'முடிந்தது'ன்னு காட்டினதால சரக்கு தங்களுக்கு வராம வழில காணாமப் போயிடுச்சுன்னு நினைச்சு, தங்களோட போக்குவரத்து ஏஜென்ட்டோட தகராறு பண்ணிட்டு இருந்தாங்களாம்! நான் 9,000-க்கு வித்திருந்தா, காணாமப் போன அந்த மெஷின் ஒரு நாள் எந்த விலாசத்துல கண்டுபிடிக்கப்பட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

எடுக்கறோம்னு சொன்னாங்களே தவிர 31-க்குள்ள வரலை. பேக்கர்ஸ்காரங்க அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் தனியா 2,800 கேட்டாங்க, கொடுத்து ரசீது வாங்கினேன். புது வீட்டு விலாசத்தை அன்னிக்கே மெயில்ல அனுப்பிட்டேன். ஏப்ரல் 9-ஆம் தேதி சின்ன லாரி ஒண்ணுல மூணு பேர் வந்தாங்க. சீரியல் எண்ணைச் சரி பார்த்தாங்க, கதவைத் திறந்து உள்ள கையை விட்டுப் பார்த்தாங்க. "டிரான்ஸிட் போல்ட் நாலும் இருக்கா சார்?"னு கேட்டாங்க. இருந்தது, கவர்ல போட்டு டேப் ஒட்டி. பொருளைப் பெற்றுக்கொண்டோம்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் வாசலைத் தாண்ட விட்டேன்.

2,800-க்கு முதல்ல 500 ரூபாய் கூப்பன் தந்தாங்க. வேண்டாம்னு எழுதிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிவு பண்ணினேன். அஞ்சு வாரம் கழிச்சு 2,800-ம் வந்தது, "நல்லெண்ண அடிப்படையில்"ங்கற குறிப்போட. இருக்கட்டும், அவங்களுக்கு நல்லெண்ணம், எனக்கு 158.

இவ்வளவுக்கும் அப்புறம் எனக்குத் தோணறது இதுதான். அடுத்தவர் பொருள் நாள் கணக்கால நம்மளோடதாகக் கூடாதுன்னு சட்டம் சொல்றது நியாயம்தான், அதுல எனக்குச் சண்டை இல்லை. ஆனா சொந்தம் மாறாதுங்கற அதே நியாயம், வாங்கினவன் வீட்டை வாடகையில்லாத கிடங்கா மாத்த விக்கிறவருக்கு இடம் கொடுக்குது. 400 சதுர அடி வீட்டுல இருக்கறவங்களுக்கு, வயசானவங்க மட்டும் இருக்கற வீட்டுக்கு, என்னை மாதிரி காலி பண்ண வேண்டியவங்களுக்கு அது சின்னச் சுமை இல்லை. ஊருக்கு ஒரு வக்கீல் மாமா இருக்க முடியாதே. காசைத் திருப்பிக் கொடுத்த நாள்லேர்ந்து 30 நாளுக்குள்ள வந்து எடுத்துக்கணும், எடுக்கலைன்னா நோட்டீஸ் கொடுத்து அவங்க கணக்குல வித்துக்கலாம்னு மின்வணிக விதில ஒரே ஒரு வரி சேர்த்தாப் போதும். பொருளும் அவங்களோடதாவே இருக்கும், ஹாலும் நம்மளோடதா இருக்கும்.

அந்த வரி வர்ற வரைக்கும்: எழுத்துல சொல்லுங்க, பில்லுல பேர் இருக்கறவருக்குச் சொல்லுங்க, தேதி போட்டுச் சொல்லுங்க. துணி துவைக்காதீங்க. போல்ட்டைத் தூக்கிப் போடாதீங்க.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, வக்கீலுக்கு மருமகன் மட்டும்தான். உங்க கடையோட ரிட்டர்ன் விதியை ஒரு தடவை முழுசாப் படிச்சுட்டு, பெரிய தொகைன்னா உங்க ஊர் வக்கீல் ஒருத்தரைப் பார்த்துட்டு இறங்குங்க.